மணமாகாமல் சேர்ந்து வாழ்வோர்: வீடும் பத்திரமும்

சென்னையிலிருந்து:

நெருங்கிய தோழி ஒருவருக்கு நேர்ந்ததை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரும் அவருடைய இணையரும் திருமணம் செய்துகொள்ளாமல் பல ஆண்டுகள் வேளச்சேரியில் சேர்ந்து வாழ்ந்தார்கள். அங்கே வாங்கிய அடுக்ககக் குடியிருப்பு இணையரின் பெயரில் மட்டுமே பதிவானது. வீட்டுக்கடனும் அவர் பெயரில்தான். தவணையில் பாதியைத் தோழி தன் சம்பளக் கணக்கிலிருந்து மாதந்தோறும் அவருக்கு அனுப்பிவந்தார். இணையர் மாரடைப்பில் திடீரென இறந்தபோது உயில் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த ஆணின் சொத்து மனைவி, பிள்ளைகள், தாய் முதலான முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சேரும். கூடவே வாழ்ந்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. வாரிசுச் சான்றிதழில் இறந்தவருடைய தாயின் பெயர் மட்டும் இருந்தது.

இணையரின் வங்கி வைப்புத்தொகைக்குத் தோழிதான் நாமினி. பணம் கைக்கு வந்த பிறகு, நாமினி அதைப் பெற்று வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவரே தவிர உரிமையாளர் அல்லர் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. வீட்டில் தன் பணமும் இருக்கிறது என்று உரிமை கோரினால் ஒருவர் பணத்தில் மற்றவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் 1988ஆம் ஆண்டின் பினாமி சட்டம் குறுக்கே வரக்கூடும் என்றும், கணவன் மனைவி பெயரிலோ மனைவி கணவன் பெயரிலோ வாங்குவதற்கு அதிலுள்ள விலக்கு இணையருக்குக் கிடையாது என்றும் தோழியின் வழக்கறிஞர் விளக்கினார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் திருமணத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணையும் காக்கிறது. ஆனால் வீட்டைப் பொறுத்தவரை அது வசிக்கும் உரிமையைப் பற்றியதே, வீட்டைச் சொந்தமாக்கித் தருவதில்லை. தவணைக்காக அனுப்பிய பணம் கடனா, அன்பளிப்பா, வீட்டில் பங்கா என்று எங்கும் ஒரு வரிகூட எழுதி வைக்கப்படாததால் வழக்கு இன்றும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

தாம்பரத்திலிருந்து:

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. நானும் என் இணையரும் கூட்டாகவே மனை வாங்கினோம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி, இருவர் சேர்ந்து வாங்கும்போது அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு அமையும். விகிதத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு என்றே கொள்ளப்படும். ஆகவே அறுபது, நாற்பது என்ற பங்கையும், யார் கணக்கிலிருந்து எவ்வளவு போனது என்பதையும் கிரயப் பத்திரத்திலேயே எழுதச் சொன்னோம். பத்திர எழுத்தர் வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் அவருடைய மனைவி என்று தட்டச்சு செய்துவிட்டார். அந்தப் பக்கத்தைத் திரும்ப அடிக்கச் சொல்லி, என் தந்தையின் பெயரைப் போட வைத்தோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சிலர் ஏற இறங்கப் பார்த்தாலும் பதிவுக்கு எந்தத் தடையும் வரவில்லை. கடன்தான் சிரமமாக இருந்தது. மணமாகாத இருவரை இணைக் கடன்தாரர்களாக ஏற்க முதலில் அணுகிய வங்கி மறுத்துவிட்டது.

கோவையிலிருந்து:

வீடு ஏற்கெனவே ஒருவர் பெயரில் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எங்களுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் விலையின்றிச் சொத்தை மாற்றி எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு உள்ள முத்திரைத்தாள் சலுகை இணையருக்குப் பொருந்தாது. உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்து இலவசமாக வந்தால் பெறுபவர் வருமான வரியும் கட்ட வேண்டும். உயில் வழியாக வருவதற்கு அந்த வரி இல்லை என்பதால் நாங்கள் ஒருவருக்கொருவர் உயில் எழுதிக்கொண்டோம். உயிலுக்கு இரண்டு சாட்சிகளின் கையெழுத்து கட்டாயம். பதிவு கட்டாயமில்லை, இருந்தும் பின்னால் உறவினர்கள் போலி என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகப் பதிவு செய்தோம். உயிலை எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

சென்னைத் தோழியிடம், பணம் அனுப்பிய எல்லா ஆண்டுகளுக்கும் கணக்கு அறிக்கையை வங்கி முத்திரையோடு இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தவணை பற்றி இருவரும் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால், அந்தக் கைப்பேசியை மாற்றாமல் பத்திரமாக வைத்திருக்கட்டும்.