புதுப்பிப்பு: மங்கோலியா போய் வந்தாச்சு

கோடையில் மங்கோலியா போனால் கோபி பாலைவனமா, ஓர்கோன் பள்ளத்தாக்கா, மேய்ச்சல் குடும்பங்களோடு தங்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, ஓர்கோன்தான் போனோம்.

மங்கோலியப் பேரரசின் பழைய தலைநகரமாச்சே என்று அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் காரகோரம் நகரத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், தரைக்கு மேல் அதிகம் மிச்சமில்லை. பக்கத்தில் 16ஆம் நூற்றாண்டின் எர்தேனே ஸூ புத்த மடம் இருக்கிறது, மதில் நெடுக வெள்ளைத் தூபிகள். அதற்காகவே போகலாம்.

ஆனால் மனசில் நின்றது அந்தக் குடும்பங்கள்தான். கெர் என்கிற கம்பளிக் கூடாரத்தின் வாசல் தெற்கு பார்த்து இருக்கும், நிலைப்படியை மிதிக்காமல் உள்ளே போய் இடப்பக்கம் நகர்ந்தால் அதுதான் விருந்தாளி இடம், உட்கார்ந்ததுமே உப்புப் போட்ட பால் தேநீர் வந்துவிடும், வலது கையால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அய்ராக், அதாவது புளிக்கவைத்த குதிரைப்பால். முதலில் குட்டியை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் குட்டியை நகர்த்திவிட்டுக் கறக்கிறார்கள், அதைத் தோல்பையில் ஊற்றி மத்தால் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், வருகிறவர் போகிறவரும் நாலு அடி அடிக்கலாம். நல்ல புளிப்பு, லேசான போதையும் உண்டு. எனக்குப் பிடித்தது, கூட வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

சைவம் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: கோடையில் பாலேடும் உலர்ந்த தயிர்க்கட்டியும் தாராளம், காய்கறியை மட்டும் தலைநகர் உலான்பாதரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கோபிக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், அடுத்து அதுதான்.