சோடியம் அசைடு கலந்த கரைசலை சிங்க்கில் ஊற்றலாமா?

பஃபர்பாண்டி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் முழுக்க வெஸ்டர்ன் பிளாட்தான் (ஆன்டிபாடி வைத்துப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை). ஆன்டிபாடி விலைக்கு ஒரு தடவையோடு கொட்ட மனசு வராது, அதனால் பிரைமரி (புரதத்தைப் பிடிப்பது), செகண்டரி (பிரைமரியைப் பிடித்து அடையாளம் காட்டுவது) இரண்டிலும் கிருமி வளர்ந்து கெடாமல் இருக்க 0.02% சோடியம் அசைடு போட்டு வைப்பது எங்கள் லேப் வழக்கம். இப்போது ஸ்டாக் தீர்ந்துவிட்டது, 10% கரைசல் நான்தான் தயாரிக்க வேண்டும். பாட்டிலைத் திறந்தால் சமையல் உப்பு மாதிரி சாதுவாக இருக்கிறது, வெளியே மண்டையோடு. பழசை சிங்க்கில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார் சீனியர். சரியா? அப்புறம் ஒன்று: திரும்பப் பயன்படுத்தும்போது பேண்ட் (புரதம் இருப்பதைக் காட்டும் கோடு) ரொம்ப மங்கலாக வருகிறது. ஹெச்.ஆர்.பி. என்சைம் ஒட்டிய செகண்டரிதான், அந்தக் கோட்டைக் காட்டுவது அதுதான். அசைடுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

குளிரறை:
இரண்டாவதுக்கு முதலில் பதில். உண்டு. அசைடு ஹெச்.ஆர்.பி. என்சைமையே முடக்கிவிடும். பிரைமரியில் இருக்கலாம், நடுவில் நன்றாகக் கழுவிவிடுகிறீர்கள். செகண்டரியில் போடவே கூடாது. ஹெச்.ஆர்.பி.-க்குப் பதில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்சைம் என்றால் பிரச்சினை இல்லை.

சிங்க் விஷயத்தில் உங்கள் சீனியரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அசைடு செம்பு, ஈயத்தோடு சேர்ந்தால் அந்த உலோகங்களின் அசைடு உண்டாகும், அது உலர்ந்தபின் ஒரு தட்டுக்கே வெடிக்கக்கூடியது. குழாய் பிவிசிதானே என்று தோன்றும், ஆனால் சிங்க்குக்கு அடியில் குனிந்து பாருங்கள், கப்ளிங் பித்தளையாக இருக்கும், பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதான். ரத்தப் பரிசோதனைக் கருவிகளின் கழிவு இப்படிக் குழாயில் சேர்ந்து, பிளம்பர் ரிப்பேர் பார்க்க வந்த இடத்தில் வெடித்திருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு நாள் ஊற்றுவதில் ஒன்றும் ஆகாது, வருஷக்கணக்கில் ஊற்றுவதுதான் சிக்கல், அதனால்தான் "நாங்கள் இத்தனை நாள் ஊற்றினோமே" என்கிற வாதம் எடுபடாது.

தனி பிளாஸ்டிக் கேனில் சேருங்கள், கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.ஹெச். 9-க்கு மேல் வைத்திருங்கள், பெயர் எழுதி ஒட்டுங்கள். அதில் அமிலம் படவே கூடாது: ஹைட்ரஜோயிக் அமிலம் வரும், கொதிநிலை 37 டிகிரிதான், அதாவது நம்மூர் மே மாதத்தில் தானாகவே ஆவியாகிவிடும், நச்சு, வெடிக்கவும் செய்யும். பிளீச்சும் ஊற்றாதீர்கள்.

நீராய்வு:
அமிலம் படவே கூடாது என்றதும் சிரிப்பு வந்தது, சுற்றுச்சூழல் லேபில் நாங்கள் தெரிந்தே அதைத்தான் செய்கிறோம். கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் விங்க்ளர் முறையில் ஆல்கலி-அயோடைடு-அசைடு கரைசல் விட்டு, பழுப்பு வீழ்படிவு அடியில் இறங்கியபின் அடர் சல்ஃபூரிக் அமிலம் விடுவோம். தண்ணீரில் இருக்கும் நைட்ரைட் கணக்கைக் கெடுக்காமல் இருக்கத்தான் அசைடு. அளவு குறைவு, பாட்டில் மூடியிருக்கும், அதனால் ஓடுகிறது. ஆனால் அந்தக் கரைசலைத் தயாரிக்கும்போது நாங்களும் நச்சுப் புகையை உறிஞ்சும் ஃபியூம் ஹூடுக்குள்தான்.

இன்னொன்று, அசைடு போட்டால் எல்லாக் கிருமியும் ஒழிந்தது என்று நம்பாதீர்கள். அது சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்கிற சுவாச என்சைமை அடைத்து சுவாசத்தை நிறுத்துகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு அந்த என்சைமே கிடையாது, ஜாலியாக வளரும். அதை மட்டும் பிரித்தெடுக்க அசைடு டெக்ஸ்ட்ரோஸ் பிராத் என்று மீடியமே இருக்கிறது.

பஃபர்பாண்டி:
நன்றி. அப்படியென்றால் நம் சுவாசத்துக்கும் அதே கதிதானா? ஃபிரிட்ஜில் இருக்கும் ஆன்டிபாடியைத் தொடவே இப்போது பயமாக இருக்கிறது.

குளிரறை:
அதே கதிதான், ஆனால் கணக்குப் போட்டுப் பயப்படுங்கள். 100 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடியில் 0.02% என்றால் 0.02 மில்லிகிராம். நீங்கள் தயாரிக்கப்போகும் 100 மி.லி. ஸ்டாக்கில் 10 கிராம். எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு கிலோ எடைக்கு 27 மில்லிகிராம், வாய்வழியாக. பயம் ஸ்டாக் பாட்டிலிடம்தான் இருக்க வேண்டும். கரைந்தபின் நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 1998-இல் ஜப்பானின் நீகாட்டாவில் ஒரு அலுவலகத்து வெந்நீர் கெட்டிலில் யாரோ இதைக் கலந்துவிட, அதில் டீ, காபி போட்டுக் குடித்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சட்டென்று ரத்த அழுத்தம் விழும், தலைவலி, மயக்கம். குறிப்பிட்ட மாற்று மருந்து கிடையாது. விழுங்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கவும் கூடாது, வயிற்று அமிலத்தில் அந்த ஹைட்ரஜோயிக் வாயு உண்டாகி உதவுகிறவரையும் தாக்கும்.

எடைபோட உலோக ஸ்பேட்டுலா வேண்டாம், பிளாஸ்டிக். நைட்ரைல் கையுறை, ஹூடு. முடிந்தால் தயார் கரைசலாகவே வாங்கச் சொல்லி கைடிடம் கேளுங்கள், தூளைத் தொடும் வேலையே இல்லை. 10% ஸ்டாக்கிலிருந்து 0.02% வர 500-க்கு 1 பங்கு.

கிளிக்கர்:
ஆர்கானிக் லேபிலிருந்து ஒரு வார்த்தை. 2022 நோபல் வாங்கிய, மூலக்கூறுகளைச் சுலபமாக இணைக்கும் கிளிக் கெமிஸ்ட்ரிக்கு அசைடுதான் உயிர், நாங்கள் இதைக் கிராம் கணக்கில் புழங்குகிறோம். டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் பக்கம் மட்டும் கொண்டுபோக மாட்டோம், டைஅசைடோமீத்தேன் மாதிரி வெடிக்கிற சமாச்சாரம் உருவாகும். உங்கள் கழிவுக் கேனை எங்கள் சால்வென்ட் கேனோடு சேர்த்து ஊற்றும் ஆள் யார் என்று பார்த்து அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த ஆன்டிபாடியில் சாயம் ஒட்டவைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியாகச் சின்ன மூலக்கூறுகளை வெளியேற்றி) அசைடை எடுத்துவிடுங்கள், சாயம் பிடிப்பதை அது கெடுக்கும். செகண்டரியை அன்றன்றைக்குக் கலந்துகொள்வதுதான் நல்லது, 5000-க்கு 1 பங்கு போடுகிற பொருளில் என்ன மிச்சம் பிடிக்கப்போகிறீர்கள்?