வெல்வெட்டில் இஸ்திரி வைத்துப் பூவேலை பதிக்க முடியுமா? தடம் விழுந்துவிட்டது

குளச்சல் தையல்காரி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குருசடித் (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) திருவிழாச் சப்பரத்துக்கு நாலு பக்கமும் தொங்கல் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாகர்கோவிலில் நாலு மீட்டர் மெரூன் வெல்வெட் எடுத்தேன். ஓரத்தில் திராட்சைக்கொடி வரவேண்டுமாம். மர அச்சின்மேல் துணியைக் கவிழ்த்து இஸ்திரி போட்டால் அச்சு பதியும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, துண்டுத் துணியில் செய்தேன். மங்கலாகப் பதிந்தது, காலையில் பாதி எழும்பிவிட்டது. சூட்டைக் கூட்டியதும் இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்து, அந்த இடம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்?

தக்கலை டெய்லர்:
தங்கச்சி, அச்சு இருக்கட்டும். வெட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையால் தடவி, வெல்வெட்டின் மேல் நிற்கும் ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று பார்த்துக்கொள். நாலு தொங்கலும் ஒரே திசையில் வெட்டவேண்டும். ஒன்று தலைகீழாகப் போனாலும் வெயிலில் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.

முளகுமூடு ஆரி அம்மா:
மக்களே, தப்பு உன் கையில் இல்லை, துணியில் இருக்கலாம். ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி, இடுக்கியில் பிடித்துத் தீ காட்டு. காகிதம் எரியும் வாசம் வந்து மெல்லிய சாம்பலாக உதிர்ந்தால் ரேயான். உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். வெல்வெட்டில் எந்த வேலை தொடங்கினாலும் நான் முதலில் செய்வது இதுதான்.

அச்சு அழகாகப் பதிவது ரேயான் ரோமத்திலும் பட்டு ரோமத்திலும்தான். ரப்பர் அச்சை மேல்நோக்கி வைத்து, ரோமப் பக்கம் அச்சில் படும்படி துணியைக் கவிழ்த்து, பின்பக்கம் தண்ணீரை லேசாகத் தெளிக்கவேண்டும். பெட்டியில் ஆவி இருக்கக்கூடாது. அடித்தட்டில் ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து இருபது விநாடி அழுத்திப் பிடி. இழுக்காதே, நேராகத் தூக்கு. பாலியஸ்டரிலும் மில்களில் சூடான உருளை வைத்து அழுத்துகிறார்கள். ஆனால் வீட்டுப் பெட்டியில் சூடு குறைந்தால் பதியாது, கூடினால் உருகும். உனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

ரேயானாகவே இருந்தாலும் சப்பரத்துக்கு அச்சு வேண்டாம் என்றுதான் சொல்வேன். தண்ணீர் பட்டால் படுத்த ரோமம் எழும்பும். கல்யாணமான புதிதில் ஒரு பவனிக் கொடிக்கு நட்சத்திரம் பதித்துக் கொடுத்தேன். கார்த்திகை மாதம், பவனி பாதி வழியில் போகும்போது மழை. திரும்பி வந்த கொடியில் ஒரு நட்சத்திரம்கூட மிச்சமில்லை. அன்றிலிருந்து அச்சு வேலை பீடத்துக்குள் இருக்கும் துணிக்கு மட்டும், வெளியே போவதற்கு ஊசி வேலை.

குளச்சல் தையல்காரி:
அம்மா, இப்போதே எரித்துப் பார்த்தேன். கறுப்பு மணியாக உருண்டுவிட்டது. பாலியஸ்டர்தான். மினுங்குகிற இடத்தை ஆவி காட்டிச் சரிசெய்யலாமா? ஆரி ஊசியால் (கொக்கி ஊசி) பூவேலை போட்டால் நூல் ரோமத்துக்குள் மூழ்கிவிடுகிறதே?

முளகுமூடு ஆரி அம்மா:
உருகிய ரோமம் திரும்ப வராது மக்களே, துண்டுத் துணியோடு போனது நல்லதாயிற்று. நசுங்கியது மட்டும் என்றால், இன்னொரு வெல்வெட்டை நிமிர்த்தி விரித்து, அதன்மேல் இதைக் கவிழ்த்துப் பின்பக்கம் ஆவி காட்டினால் எழும்பும்.

நூல் மூழ்குவதற்கு வழி, அடியில் மேடு கட்டுவது. பழைய பீட விரிப்புகளில் அட்டையை இலை வடிவில் வெட்டி, அதன்மேல் ஜரியை அடுக்கித் தைத்திருப்பார்கள். மழையில் அட்டை ஊறிவிடும், அதனால் நீ ஃபெல்ட் துணி (நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த துணி) வை. இலைக்கு ஒரு அடுக்கு, திராட்சைப் பழத்துக்கு இரண்டு. கொடித்தண்டுக்குப் பருத்தி நூலை முறுக்கிப் படுக்கவை. அதன்மேல் ஏறும் ஜரி மூழ்காது, தூரத்திலிருந்தும் எடுப்பாகத் தெரியும்.

படத்தை ட்ரேஸ் பேப்பரில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்து. சிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் மெரூனில் வெள்ளைப் புள்ளியாக விழும். வெல்வெட்டுக்கு அடியில் காடாத்துணி சேர்த்துத்தான் சட்டத்தில் கட்டவேண்டும், இல்லாவிட்டால் இழுவிசை முழுவதும் வெல்வெட்டில் விழுந்து கோணிக்கொள்ளும். இரவில் சட்டத்தைத் தளர்த்திவிடு.

உங்கள் ஊர் கடற்கரை. சர்தோசிப் பூவேலைக்கு வைக்கும் செம்பு சேர்ந்த கம்பி உப்புக்காற்றில் கறுத்துவிடும். பாலியஸ்டர் படலத்தில் செய்த ஜரி கறுக்காது. கொஞ்சம் மினுக்கம் அதிகம், சப்பரத்துக்கு அது பொருந்தும்.

தக்கலை டெய்லர்:
அம்மா, கீழ்க்கரைக்கு லேஸ் வைக்கலாமா?

முளகுமூடு ஆரி அம்மா:
தாராளமாக வைக்கலாம் தம்பி. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை அல்லவா, நம் சப்பரத்தில் கையால் பின்னிய லேஸ் தொங்கினால் எனக்குத் தனிச் சந்தோஷம். ஆனால் பருத்தி லேஸை முதலில் நனைத்துக் காயவைத்துத் தைக்கவேண்டும். தைத்த பிறகு அது சுருங்கினால் வெல்வெட்டும் சேர்ந்து சுருக்கம் விழும்.

மூன்று வாரத்தில் நாலு பக்கமும் முழுக்கொடி தனியாக முடிக்க முடியாது மக்களே. முன்பக்கம் மட்டும் முழுக்கொடி போடு, மற்ற மூன்றுக்கும் மூலைக்கு ஒரு குலை போதும். முதல் இலை முடிந்ததும் படம் போடு, பார்த்துச் சொல்கிறேன்.