பொருள்: மறுமொழி: பிடிஎஃப் திறக்கும் உலாவிப் பகுதிக்குக் கலைச்சொல்: செருகுநிரலா, அகக்காட்டியா?

எழுதியவர்: கையேட்டுத் தொகுப்பாளர், கோட்டூர்புரம்

அனைவருக்கும் வணக்கம்.

நூலகக் கணினிகளுக்கான உபுண்டு (லினக்ஸ்) கையேட்டில் “பிடிஎஃப் திறக்காவிட்டால் செருகுநிரலைச் சரிபார்க்கவும்” என்று ஒரு வரி இருக்கிறது. (செருகுநிரல் என்பது உலாவியில் தனியாக நிறுவிச் சேர்க்கும் பிளகின்.) அந்த வரியை மாற்றியே ஆக வேண்டும். அதைப் படித்துவிட்டு ஃபயர்ஃபாக்ஸின் துணைநிரல்கள் பக்கத்தில் ‘செருகுநிரல்கள்’ பகுதிக்குப் போகிறவர் அங்கே காண்பது பெரும்பாலும் ஓப்பன்எச்264, வைட்வைன் இரண்டையும்தான். முன்னது வீடியோ அழைப்புக்கு, பின்னது பூட்டுப் போட்ட படங்களை ஓட்டுவதற்கு. பிடிஎஃப் என்ற பேச்சே அங்கு இருக்காது. வில்லங்கச் சான்றை அச்செடுக்க வந்தவர் அத்தோடு நின்றுவிடுவார்.

ஒருகாலத்தில் அந்த வரி சரிதான். லினக்ஸுக்கான அடோபி ரீடர் 9-உடன் என்பிபிடிஎஃப் என்ற செருகுநிரல் வந்தது. அதை மோசில்லாவின் பிளகின்ஸ் அடைவில் வைத்தால் ஆவணம் பக்கத்துக்குள்ளேயே திறக்கும். அது 32 பிட் என்பதால் 64 பிட் உலாவியில் ஓட என்எஸ்பிளகின்ராப்பர் என்ற இடைநிரல் தேவைப்பட்டது. அதெல்லாம் உலாவியோடு செருகுநிரலை இணைக்க நெட்ஸ்கேப் விட்டுச்சென்ற என்பிஏபிஐ இடைமுகத்தை நம்பியிருந்த ஏற்பாடு. லினக்ஸில் குரோம் 2014-இல் 35ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில், 52ஆம் பதிப்பில், ஃபிளாஷைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியது. இன்று அந்தக் கோப்பை அதே அடைவில் வைத்தாலும் உலாவி சட்டை செய்யாது.

என் முன்மொழிவு: பிடிஎஃப்-ஐக் காட்டும் நிரல்களில் உலாவியோடு கூடவே வருவது அகக்காட்டி. எவின்ஸ், ஓகுலர் போல வெளியே தனியாக ஓடுவது புறக்காட்டி. செருகுநிரலும் நீட்சியும் (எக்ஸ்டென்ஷன்) தத்தம் பொருளிலேயே இருக்கட்டும்.

---

எழுதியவர்: இடைமுக மொழிபெயர்ப்பாளர், மயிலாப்பூர்

ஐயா, இரண்டு ஐயங்கள்.

> உலாவியோடு கூடவே வருவது அகக்காட்டி

உலாவியில் எஃப்12 அழுத்தி, திறக்கும் உருவாக்குநர் கருவியின் கன்சோலில் நேவிகேட்டர்.பிளகின்ஸ் என்று கேட்டால் பிடிஎஃப் வியூவர் உட்பட ஐந்து பெயர்கள் வருகின்றன. உலாவியே தன்னைப் பிளகின் என்று சொல்லும்போது நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

அடுத்தது ‘காட்டி’. திசைகாட்டி, வழிகாட்டி என்று அது ஏற்கெனவே ‘சுட்டுவது’ என்ற பொருளில் புழங்குகிறது. ‘நோக்கி’ பொருந்தாதா?

---

எழுதியவர்: கையேட்டுத் தொகுப்பாளர், கோட்டூர்புரம்

அந்த ஐந்து பெயர்களும் பழைய வலைத்தளங்கள் முறிந்துவிடாமல் இருக்க எச்டிஎம்எல் தரநிலையிலேயே நிலையாக எழுதிவைத்தவை. ஃபயர்ஃபாக்ஸில் கேட்டாலும் குரோம், எட்ஜ் பெயர்கள் வருவதைக் கவனியுங்கள். பிடிஎஃப்-ஐ உள்ளே காட்ட முடியும் என்றால் ஐந்தும் வரும், முடியாது என்றால் ஒன்றும் வராது. ஃபயர்ஃபாக்ஸில் உண்மையில் ஓடுவது பிடிஎஃப்.ஜேஎஸ். அது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட், 2013-இல் 19ஆம் பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. குரோமில் ஓடுவது பிடிஎஃபியம். பயனர் நிறுவவோ நீக்கவோ இரண்டிலும் ஒன்றுமில்லை. நிறுவ முடியாத ஒன்றைச் செருகுநிரல் என்று எழுதினால் அவர் அதைத் தேடி எங்கோ ஒரு தளத்திலிருந்து எதையோ இறக்கிக்கொள்வார். என் முதல் கவலை அதுதான்.

‘நோக்கி’ என்றால் பார்ப்பது. நுண்ணோக்கி, தொலைநோக்கி எல்லாம் அப்படித்தான். உடலுக்குள் பார்க்கும் கருவியை மருத்துவத்தில் அகநோக்கி என்றே சொல்கிறார்கள், அங்கே நேராக மோதும். நம் நிரல் பார்ப்பதில்லை, நமக்குக் காட்டுகிறது.

அகம், புறம் என்று பிரித்துவிட்டால் பழுது பார்ப்பதும் சுலபமாகிவிடும். கையேட்டுக்கு நான் எழுதிவைத்திருப்பது இது:

ஆவணம் உலாவியில் திறக்காமல் கோப்பாக இறங்கிக்கொண்டே இருந்தால், அமைப்புகள், பொது, செயலிகள் என்று போய் பிடிஎஃப் வரிசையில் ‘ஃபயர்ஃபாக்ஸில் திற’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தும் இறங்கினால் முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று தட்டினால் வரும் பக்கத்தில் பிடிஎஃப்ஜேஎஸ்.டிஸேபிள்ட் என்பதன் மதிப்பு ஃபால்ஸ் ஆக இருக்க வேண்டும். ட்ரூ என்றால் அகக்காட்டி அணைந்திருக்கிறது. செயலிகள் பட்டியலே குழம்பியிருந்தால் உலாவியை மூடி, சுயவிவர அடைவிலுள்ள ஹேண்ட்லர்ஸ்.ஜேசான் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். புதிதாக ஒன்று உருவாகும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு தளத்தில் மட்டும் இறங்கினால் கோளாறு நம் பக்கம் இல்லை. எஃப்12 கருவியின் நெட்வொர்க் தாவலில் சேவையகத்தின் மறுமொழித் தலைப்பைப் பார்த்தால் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் வரியில் அட்டாச்மென்ட் என்றோ, வகை அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்றோ இருக்கக்கூடும்.

படிவத்துக்குப் பதில் ‘பிளீஸ் வெயிட்’ என்று ஒரே ஒரு பக்கம் வந்தால் அது எக்ஸ்எஃப்ஏ படிவம். உண்மையான படிவம் உள்ளே எக்ஸ்எம்எல்-ஆக இருக்கிறது, கண்ணில் படுவது வெறும் மேலட்டை. எவின்ஸால் அதை விரிக்க முடியாது, எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 93 முதல் அகக்காட்டிக்கு அந்தத் திறன் வந்துவிட்டது. ஆகவே இங்கே புறத்திலிருந்து அகத்துக்கு மாற வேண்டும்.

மின்கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் எதிர்த்திசை: கோப்பைச் சேமித்து ஓகுலரில் திறக்க வேண்டும். சான்றிதழ் வழங்கியவரின் மூலச்சான்று கணினியில் இல்லையென்றால் கையொப்பம் சரியாகவே இருந்தாலும் ‘நம்பகம் தெரியவில்லை’ என்ற பொருளில் எச்சரிக்கை வரும்.

தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால் முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரம்) பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டுங்கள் (பாப்ளர்-யூடில்ஸ் தொகுப்பில் இருக்கிறது). ‘எம்ப்’ நெடுவரிசையில் ‘நோ’ என்றால் எழுத்துரு உட்பொதிக்கப்படவில்லை. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய குறியாக்கத்தில் தட்டச்சிட்ட ஆவணங்களில் இது நிறைய. அந்தப் பழைய எழுத்துருவை நிறுவி எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டிவிட்டுப் புறக்காட்டியில் திறந்தால் எழுத்து வர வாய்ப்புண்டு. நோட்டோ, லோகித் போன்ற ஒருங்குறி எழுத்துருக்களை எத்தனை போட்டாலும் உதவாது.

---

எழுதியவர்: இடைமுக மொழிபெயர்ப்பாளர், மயிலாப்பூர்

நோக்கி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து பெயர் விளக்கத்தை அருஞ்சொல் குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள், வேறு யாராவது கேட்பார்கள்.

இரண்டு சேர்க்கைகள். உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் தொகுப்பாகவே (கணினியின் சில அடைவுகளை மட்டுமே பார்க்க விடும் தொகுப்பு முறை) வருகிறது. அதற்கு /டெம்ப் அடைவும், வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் அடைவுகளும் தெரியாது. அங்கே கோப்பு இருந்தும் ‘கோப்பு இல்லை’ என்றோ ‘அணுக முடியவில்லை’ என்றோ சொல்லும். டவுன்லோட்ஸுக்கு நகலெடுத்தால் திறக்கும். இதை அகக்காட்டியின் கோளாறு என்று எழுதிவிடக் கூடாது.

டெஜாவு என்ற கோப்பு வடிவில் மின்வருடிய (ஸ்கேன் செய்த) பழைய நூல்களுக்கு அகக்காட்டியே கிடையாது. அதற்கிருந்த செருகுநிரலும் என்பிஏபிஐயோடு போயிற்று. நீட்சி ஒன்று போட வேண்டும், அல்லது டெஜாவியூ4 என்ற புறக்காட்டி. அகக்காட்டி, புறக்காட்டி, செருகுநிரல், நீட்சி என நான்கு சொற்களும் ஒரே பத்தியில் வருவதால் கையேட்டில் எடுத்துக்காட்டாக இதையே வைக்கலாம்.

இனி முடிவாக வேண்டியது ‘இயல்புக் காட்டி’, அதாவது கோப்பைச் சொடுக்கியதும் தானாகத் திறக்கும் நிரலுக்கான சொல். லிப்ரேஆபிஸ் டிராவோ கிம்போ பிடிஎஃப்-ஐப் பிடித்துக்கொள்ளும்போது, கோப்பின் ‘இதனுடன் திற’ என்பதற்குப் போய் எவின்ஸை இயல்பாக்கச் சொல்கிறோம். அந்த இடத்தில் ‘இயல்புப் புறக்காட்டி’ என்று நீட்ட வேண்டாம், ‘இயல்புக் காட்டி’ போதும் என்பது என் கருத்து. வெள்ளிக்குள் மாற்றுக்கருத்து வராவிட்டால் மொழிபெயர்ப்புச் சரங்களில் (இடைமுகத்தில் வரும் சொற்றொடர்கள்) ஏற்றிவிடுகிறேன்.