'டெக்ஸ்ச்சர்': துறைக்கொரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பொருளின் அமைப்பையும் தொடுவுணர்வையும் குறிக்கும் 'டெக்ஸ்ச்சர்' (texture) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் தமிழில் 'இழைநயம்' என்றே எழுதலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 'டெக்ஸ்ச்சர்' நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் என்பதால் துணிக்கு 'இழைநயம்' மிகப் பொருத்தம், மரத்துக்கும் பொருந்தும். மண்ணில் இழை ஏது?

மண்ணியலில் 'டெக்ஸ்ச்சர்' என்பது மணல், வண்டல், களி ஆகிய மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதை மட்டுமே குறிக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாட்டில் 2 முதல் 0.05 மி.மீ. வரை மணல், 0.002 மி.மீ.க்குக் கீழே களி, இடைப்பட்டது வண்டல். வயலில் இதைக் கையாலேயே அறியலாம்: ஈரமண்ணைப் பிசைந்து கட்டைவிரலால் சுட்டுவிரல் மேல் தள்ளினால், களி மிகுந்த மண் நாடாபோல நீளும், மணல் மிகுந்தது நறநறவென்று உதிரும், வண்டல் மாவைப்போல வழவழக்கும். தமிழ்நாட்டு வேளாண் நூல்களில் வழங்கும் 'மண் நயம்' இதற்குப் போதும். அதை மாற்ற வேண்டாம்.

பாறையின் 'டெக்ஸ்ச்சரு'க்கு, அதிலுள்ள படிகங்களை மணிகளாகக் கொண்டு 'மணியமைப்பு' என்னும் யோசனை கவர்ச்சியானதே. நிலத்தடியில் மெல்லக் குளிர்ந்த கிரானைட்டில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு பருத்தும், மேலே வந்து விரைவாகக் குளிர்ந்த பசால்ட் என்னும் எரிமலைப் பாறையில் பொடியாகவும் இருப்பதை அது நன்றாகச் சொல்லும். ஆனால் அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடியில் மணியே இல்லை என்பதால், 'பாறை நயம்' என்பதே என் தேர்வு.

உணவில் மட்டும் 'நயம்' கூடாது. 'நயம் நல்லெண்ணெய்' என்னும்போது நாம் தரத்தையே நினைக்கிறோம். 'பதம்' என்று தனியே சொன்னால் பாகின் கம்பிப் பதம்போலச் சமைக்கும் நிலையைக் குறித்துவிடும். முறுக்கின் மொறுமொறுப்பையும் தயிரின் வழவழப்பையும் வாய்தான் அறிகிறது. ஆகவே 'வாய்ப்பதம்' என்கிறேன்.

கணினி வரைகலையில் நிலைமை முற்றிலும் வேறு. கணினி அறிஞர் எட்வின் கேட்மல் 1974-இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வேட்டில் விளக்கிய முறைப்படி, முப்பரிமாண உருவின்மேல் போர்த்தப்படும் படமே அங்கே 'டெக்ஸ்ச்சர்'. அது பண்பன்று, எண்ணத்தக்க பொருள், தனிக் கோப்பு. இதற்கு 'மேனிப்படம்' என்று முன்மொழிகிறேன். 'மூன்று மேனிப்படங்களை ஏற்று' என்று நிரலர் தடையின்றி எழுத முடியும். 'மூன்று இழைநயங்களை ஏற்று' என்று எவரும் எழுதமாட்டார்.

உலோகவியலில் 'டெக்ஸ்ச்சர்' படிகங்கள் ஒரே திசையை நாடி நிற்பதைக் குறிப்பதால், 'படிகத் திசைச்சார்பு' பொருந்துமா என்று அத்துறை அன்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.