வேரிகோசீல்: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். வேரிகோசீலை 'விரைவீக்கம்' என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை ஹைட்ரோசீல் எப்போதோ எடுத்துக்கொண்டது. அங்கே விரையைச் சுற்றி நீர் கோக்கிறது. இங்கே விரைக்கு மேலுள்ள சிரைப்பின்னல் தளர்ந்து புடைக்கிறது. டார்ச் அடித்தால் நீர் ஒளிரும், சிரை ஒளிராது. 'விதைநாளப் புடைப்பு' சரிவருமா?

———

> விதைநாளப் புடைப்பு

'புடைப்பு' பொருத்தம், 'நாளம்' இடறும். இலங்கையில் நாளம் என்றால் சிரை. தமிழ்நாட்டில் 'நாளமில்லாச் சுரப்பி' படித்தவருக்கு அது வெறும் குழாய். விந்துக்குழாய் என்றே நினைப்பார். 'விரைச்சிரைப் புடைப்பு' என்பேன். (சிரைப்பதை வைத்துக் கேலி வரும். வரட்டும்.)

'இடது' என்ற அடை தேவையில்லை, பெரும்பாலும் இடப்பக்கம்தான். இடது விரைச்சிரை சிறுநீரகச் சிரையில் ஏறக்குறையச் செங்கோணத்தில் சேர்கிறது. வலது, கீழ்ப்பெருஞ்சிரையில் சாய்வாகச் சேர்கிறது. நின்றால் புடைத்து, படுத்தால் வடிய வேண்டும். படுத்தும் வடியாவிட்டாலோ, வலப்பக்கம் மட்டும் திடீரெனத் தோன்றினாலோ வயிற்றை ஸ்கேன் செய்வது அவசியம்: சிறுநீரகக் கட்டி சிரையை அடைத்திருக்கலாம்.

மூச்சை அடக்கி வயிற்றை அழுத்தும் வால்சால்வா முறைக்குப் புதுச்சொல் வேண்டாம், 'முக்குதல்' இருக்கிறது. முக்கினால் மட்டும் கைக்குத் தட்டுப்படுவது முதல் தரம். நிற்கும்போது முக்காமலே தட்டுப்படுவது இரண்டாம் தரம். கண்ணுக்கே தெரிவது மூன்றாம் தரம்.

———

ஏற்கிறேன். ஆனால் அறுவைப் பெயரில் 'நீக்கம்' சேர்த்தால் பிழை. சிரைகளை அகற்றுவதில்லை. கவட்டில் 2–3 செ.மீ. கீறி, நுண்ணோக்கி வழியே தமனியையும் நிணக்குழாய்களையும் ஒதுக்கிவிட்டு, சிரைகளை ஒவ்வொன்றாகக் கட்டித் துண்டிக்கிறார்கள். நிணக்குழாயும் சேர்ந்து கட்டுப்பட்டால் பின்னர் ஹைட்ரோசீல் வரக்கூடும். தமனி கட்டுப்பட்டால் விரை சுருங்கக்கூடும். ஆகவே 'சிரைக்கட்டு'. கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்திச் சுருள்கம்பி வைப்பது 'சிரையடைப்பு'.

விளக்கக் குறிப்பில் இதையும் சேர்க்கலாம்: புடைப்பு இருக்கிறதென்றே எல்லாருக்கும் கட்டுவதில்லை. விந்தணுக் குறைவோடு குழந்தைப்பேறு தள்ளிப்போவது, தீராத வலி, வளரிளம் வயதில் அந்தப் பக்கத்து விரை சிறுத்திருப்பது ஆகியவையே முக்கியக் காரணங்கள். கைக்குச் சிக்காமல் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரிவதைப் பொதுவாகக் கட்டுவதில்லை. விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆவதால், விந்துப் பரிசோதனை 3 மாதம் கழித்துத்தான்.

———

சரி, பதிவுசெய்யலாம். நடுவிலுள்ள 'ச்' என்ற ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: 'விரை சிரை' என்று பிரித்தால் இரண்டும் ஏவல்வினையாகிவிடும்.