வலை இழுத்த கைக்குத் தூண்டில் சலிக்காதா?

வலைப் படகில் வேலை பார்த்தவனுக்கு, பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவது சலிக்காதா என்று கேட்கிறார்கள். சலிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை.

வலையில் மீன் எப்படி மாட்டியது என்பதை நாம் பார்ப்பதே இல்லை. செவுள் வலையை இருட்டில் விட்டுவிட்டு நீரோட்டத்தோடு மிதந்துகொண்டிருப்போம். தலை நுழைந்து உடம்பு நுழையாத மீன் பின்வாங்கப் பார்க்கும்போது செவுள் மாட்டிக்கொள்ளும். அதைவிடச் சின்னது நழுவிவிடும், ரொம்பப் பெரியது முட்டிவிட்டுத் திரும்பிவிடும். அதனால் வலையை ஏற்றினால் அச்சில் வார்த்த மாதிரி கிட்டத்தட்ட ஒரே பருமனில் வரும். நிலா வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும் என்று பௌர்ணமியை ஒட்டி எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இருக்காது. அமாவாசைப் பக்கம்தான் நல்ல மீன்பாடு.

இருட்டில் இன்னொரு வசதியும் உண்டு. மீன் கூட்டம் ஓடினால் தண்ணீர் நீலமாக மின்னும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கலங்கும்போது விடும் வெளிச்சம் அது. எங்கள் படகோட்டி அதைப் பார்த்தே சாளையா கானாங்கெளுத்தியா என்று சொல்லிவிடுவார். பக்கத்திலேயே மீன் காட்டும் கருவி ஓடிக்கொண்டிருக்கும், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பினால், "ரெண்டும் கலந்து வந்துருச்சு" என்பார்.

தூண்டிலில் அந்த மீனே நம்மோடு பேச்சுவார்த்தைக்கு வருகிறது. பாரை கடித்தால் நேராகப் பாறை இடுக்கைத் தேடி ஓடும். படகில் பழகிய கை "இழு, இழு" என்னும். ஆனால் 10 கிலோ தாங்கும் தங்கூஸ் (நைலான் நரம்பு) என்றால், 3 கிலோ இழுவைக்கு மேல் போனதும் ரீல் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். மீன் களைக்கிற வரை ஓடவிடுவதுதான் வேலை. ஊளி மீனுக்கு இதெல்லாம் போதாது, தூண்டில் முள்ளுக்கு முன்னால் கம்பி கட்டாவிட்டால் ஒரே கடியில் நறுக்கிவிடும்.

*

அண்ணே, ஓடுகிற மீனைச் சொன்னீர்கள். நான் ஆழத்தில் கலவாய் மீனுக்குத் தூண்டில் போடுகிறவன். மேலே வரவர அழுத்தம் குறைந்து, அதன் காற்றுப்பை வீங்கிவிடும். வாய்க்கு வெளியே பலூன் போல ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மீனின் இரைப்பை! குத்தினால் காயம்தான் மிச்சம். சின்ன மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால், கனத்தைக் கட்டி ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் காற்றுப்பை பழையபடி சுருங்கும். மேலேயே விட்டால் மல்லாந்து மிதக்கும், பறவைக்குத்தான் தீனி.

பெரிய கலவாயையும் சில நேரம் விட்டுவிடுவேன். பல கலவாய் வகைகள் பெண்ணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு ஆணாக மாறுகிறவை. பெரியதையே தேடித் தேடிப் பிடித்தால் அந்த இடத்தில் ஆண் மீனே இல்லாமல் போகும். கூட வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

*

தம்பி சொன்னது சரி. பிடித்த மீனைக் கையாளுகிற பேச்சு வந்ததால் கெளுத்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். வலையில் அவசரமாக மீன் பிரிக்கும்போது முதுகு முள் குத்தாத ஆள் படகில் கிடையாது. முள்ளில் விஷம் உண்டு, தோள் வரை கடுக்கும். அந்த விஷம் சூட்டுக்குத் தாங்காது. கை பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரமாவது முக்கி வைத்தால் வலி நன்றாக அடங்கும். திருக்கை வால் முள்ளுக்கும் இதே வைத்தியம்தான். முள் உள்ளே முறிந்திருந்தாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ வெந்நீரோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பிளாஸ்கில் டீ கொண்டுபோகிறவர்கள் இன்னொரு பிளாஸ்கில் வெறும் வெந்நீரும் எடுத்துக்கொள்ளலாம்.